தருக்கப் பெயர் (தொழிலகத் தன்னியக்கம்)

தொழிலகத் தன்னியக்கத்தில் தருக்கப் பெயர் என்பது, தரவைக் கேட்கும் வாங்கி மென்பொருள், தரவைத் தரும் வழங்கி மென்பொருளையும் அதனுடன் இணைந்த கருவியையும் குறிப்பிடப் பயன்படுத்தும் பெயர் ஆகும். கருவியின் முகவரி, நினைவக எண் முதலியன வழங்கியில் மட்டும் பதியப்படுகின்றன. வாங்கிக்குப் பெயர் மட்டுமே தெரியும். இணையத்தளப் பெயர்களை ஐ.பி. முகவரிகளாக மாற்றும் களப்பெயர் முறைமையும் இதே கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

தேவை

எடுத்துக்காட்டாக, கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் நடைபெறும் ஊரில், இரண்டு சூளைகளைக் கணினித் திரையில் கண்காணிக்கும் ஒரு தொழிற்கூடத்தைக் கருதலாம். முதல் சூளையின் வெப்பநிலை, பி.எல்.சி. எனப்படும் கட்டுப்படுத்தியின் 40001 ஆம் பதிவகத்தில் உள்ளது எனக் கொள்வோம். திரை, எச்சரிக்கை, பதிவேடு ஆகிய அனைத்திலும் இவ்வெண்ணை நேரடியாக எழுதினால், கட்டுப்படுத்தியை மாற்றும்போது அனைத்தையும் திருத்த வேண்டும். "சூளை1.வெப்பநிலை" என்னும் பெயரைப் பயன்படுத்தினால் வழங்கியில் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

வரலாறு

1987 இல் விண்டோசு 2.0 உடன் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய டி.டி.ஈ. முறையில் பயன்பாடு, தலைப்பு, உருப்படி என மூன்றடுக்குப் பெயர் வழங்கியது. வொண்டர்வேர் நிறுவனத்தின் இன்டச் மென்பொருள், கணினிப் பெயர், பயன்பாடு, தலைப்பு ஆகியவற்றை "அணுகல் பெயர்" என்னும் ஒரே பெயரின் கீழ்த் தொகுத்தது.

1996 இல் ஓ.பி.சி. தரநிலை வெளியானது. இதில் வழங்கிக்கு நிரல் அடையாளம் என்னும் படிக்கத்தக்க பெயர் உண்டு. விண்டோசின் பதிவேடு அதனை 128 இரும நீளமுள்ள வகுப்பு அடையாளமாக மாற்றுகிறது. வேறு கணினியில் உள்ள வழங்கிகளை அறிய ஓ.பி.சி. ஈனம் என்னும் துணைநிரல் உதவுகிறது.

பின்னர் வந்த ஓ.பி.சி. யு.ஏ. தரநிலை (ஐ.இ.சி. 62541) விண்டோசைச் சார்ந்ததன்று. இதில் ஒவ்வொரு பெயரும் ஒரு பெயர்வெளியைச் சேர்ந்தது. பெயர்வெளியின் சுட்டெண் வழங்கி மீண்டும் தொடங்கும்போது மாறக்கூடும். ஆதலால் வாங்கி மென்பொருள் பெயர்வெளியின் முழு முகவரியையே சேமித்து வைத்தல் வேண்டும்.

பிழைகளும் சோதனையும்

இல்லாத பெயரைக் கேட்டால் வழங்கி பிழைச் செய்தி தரும். இதனை எளிதில் கண்டறியலாம். இருக்கும் பெயர் தவறான கருவியைச் சுட்டுவதே ஆபத்தானது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், முதல் சூளையின் பெயர் இரண்டாம் சூளையின் கட்டுப்படுத்தியுடன் இணைக்கப்பட்டால், திரையில் எண் தோன்றும்; தரக்குறியீடும் 192, அதாவது "நன்று" என்றே இருக்கும். இக்குறியீடு தரவு முறையாக வந்ததைக் காட்டுமேயன்றி, சரியான இடத்திலிருந்து வந்ததைக் காட்டாது. இரண்டாம் சூளை 600 பாகை செல்சியசில் ஆறிக்கொண்டிருக்க, அதனை முதல் சூளையின் வெப்பம் எனக் கருதி எரிபொருளைக் கூட்டினால், ஏற்கனவே 1200 பாகையில் உள்ள பொருள்கள் அளவுக்கு மீறி வெந்து உருக்குலையும்.

எனவே இணைப்புப் பட்டியலை மாற்றியபின், ஒவ்வொரு பெயரையும் களத்திலிருந்தே சோதிப்பது நல்ல நடைமுறையாகும். சூளைகள் அணைந்திருக்கும்போது ஒரு வெப்ப இரட்டையைக் கழற்றி, திரையில் எந்த மதிப்பு மாறுகிறது எனப் பார்ப்பது எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்க

களப்பெயர் முறைமை
நிரல்படு தருக்கக் கட்டுப்படுத்தி
வெப்ப இரட்டை