மணிக்கட்டுக் குகை நோய்க்குறியும் முன்கை நரம்புப் பாதிப்பும்

மணிக்கட்டுக் குகை நோய்க்குறி என்பது முன்கை வழியே உள்ளங்கைக்கு இறங்கும் நடு நரம்பு மணிக்கட்டில் நெரிபடுவதால் உண்டாகும் கோளாறு. மருத்துவமனைகளில் இதைக் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்பார்கள்.

அமைப்பும் அறிகுறிகளும்

மணிக்கட்டு எலும்புகள் தரையாகவும் தடித்த நார்ப்பட்டை கூரையாகவும் அமைந்த குறுகிய வழியே இந்தக் குகை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் நடு நரம்பும் இதற்குள் செல்கின்றன. கர்ப்பம், நீரிழிவு, தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், ஓயாத கைவேலை ஆகியவற்றால் உள்ளே அழுத்தம் கூடலாம். கட்டைவிரல் முதல் மோதிரவிரலின் ஒரு பாதி வரை மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிவிடும். நள்ளிரவில் விழித்துக் கையை உதறினால் சற்றுத் தணியும். நாளடைவில் கட்டைவிரல் மேடு வற்றி, சட்டைப் பொத்தான் போடுவதே பாடாகும்.

முன்கையில் பாதிப்பு

நெரிசல் மணிக்கட்டில் இருந்தாலும் வலி முன்கைக்கும் ஏறுவதுண்டு. நோய் முற்றியவர்களில் சிலருக்கு நரம்புக் கடத்தல் சோதனையில் முன்கைப் பகுதியிலும் நரம்புச் சமிக்ஞையின் வேகம் குறைந்து காணப்படும். நரம்பிழைகள் நெரிபட்ட இடத்திலிருந்து முழங்கையை நோக்கி மெலிவது இதற்கு ஒரு விளக்கம். வேகமான இழைகள் மணிக்கட்டில் அடைபட, மெதுவானவற்றின் வேகமே பதிவாகிறது என்பது மற்றொன்று. நடு நரம்பு முன்கையிலேயே நெரிபடுவது வேறு நோய். அதன் ஒரு வகையில் கட்டைவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வட்டம் அமைக்க முடியாது.

தொழுநோயும் வேலூரும்

இந்தியாவில் கை மரத்துப்போனால் தொழுநோயையும் நினைவில் கொள்ள வேண்டும். அது நடு நரம்பைப் பெரும்பாலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் அடிப்பகுதியில் தாக்குகிறது. உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பு ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முன்கையில் இயக்கம் கெடாத தசையின் விசையைச் செயலிழந்த விரல்களுக்குத் திருப்பி, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை மீண்டும் வேலைக்குப் பழக்கினார்.

சிகிச்சை

மணிக்கட்டுக் குகை நோய்க்குறியின் தொடக்கத்தில், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் அணிவதும் ஸ்டீராய்டு ஊசியும் உதவும். முற்றினால் நார்ப்பட்டையை அறுத்து நரம்புக்கு இடம் தருவார்கள். சிதைந்த நரம்பிழைகள் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரே வளரும். நெடுநாள் வற்றிய தசை முழுமையாகத் திரும்புவது அரிது.