தீனி இருந்தும் தின்னாத எலிகள்

கூண்டுக்குள் தீனியும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. எலிகள் சீண்டவில்லை, பட்டினியால் செத்தன. 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பால் கிருஷ்ண ஆனந்தும் ஜான் புரோபெக்கும் செய்த சோதனை அது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் பக்கவாட்டில், இருபுறமும் சின்னஞ்சிறு இடத்தை மின்சாரத்தால் கருக்கியிருந்தார்கள்.

1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் அதே உறுப்பின் நடுப்பகுதியைச் சிதைத்தபோது எலிகள் கொழுத்துப் பெருத்திருந்தன. பசிக்கு ஒரு மையம், நிறைவுக்கு ஒரு மையம் என்ற பாடம் இவ்விரண்டிலிருந்தும் பிறந்தது. ஆனந்த் பின்னர் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை வளர்த்தெடுத்தார்.

அழகான பாடம்தான். ஆனால் 1954இல் டீட்டல்பாமும் ஸ்டெல்லரும் பக்கவாட்டுப் பகுதி கருக்கப்பட்ட எலிகளுக்குக் குழாய் வழியே உணவூட்டி உயிரைப் பிடித்து வைத்தபோது, அவை மெல்லத் தாமாகவே தின்னத் தொடங்கின. 1971இல் சுவீடனின் உங்கர்ஸ்டெட் இன்னொன்றைக் காட்டினார்: அந்த இடத்தின் வழியாக ஓடும், டோபமைன் என்ற நரம்புவேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பிழைகளை நச்சால் அழித்தாலே எலி தின்பதை விட்டுவிடுகிறது. 1995இல் டோபமைன் உற்பத்தியாகாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். உடலில் டோபமைனாக மாறும் எல்-டோபா மருந்து கொடுக்காவிட்டால் அவை சில வாரங்களில் இறந்தன.

டோபமைன் இல்லாவிட்டால் பட்டினி. ஆனால் டோபமைனைப் பெருக்கும் ஆம்ஃபெட்டமைன் மருந்தும் பசியை அடக்குகிறதே! 1930களில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்க்கு அதைச் சாப்பிட்டவர்கள் மெலிந்தார்கள்; 1947இல் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவையும் தீனியைக் குறைத்தன. மெலிய விரும்பியவர்கள் அந்த மாத்திரையை வாங்கிக் குவித்தார்கள். பலர் அதற்கு அடிமையானார்கள்.

அடுத்து வந்த பசியடக்கி மருந்தான ஃபென்ஃபுளூரமைன், செரட்டோனின் என்ற இன்னொரு நரம்புவேதிப்பொருளின் வழியாக வேலை செய்தது. 1970களில் பிரிட்டனின் ஜான் பிளண்டெல், தீனியின் எடையோடு நிற்காமல் எலி தின்னும் விதத்தையே கவனித்தார். இந்த ஆய்வு வரலாற்றில் மிக நுட்பமான வேலை இது என்றே சொல்ல வேண்டும். ஆம்ஃபெட்டமைன் ஏறிய எலி தின்னத் தொடங்கவே தாமதிக்கும். தொடங்கினால் வேகமாகத் தின்னும். ஃபென்ஃபுளூரமைன் எலியோ தொடங்கத் தயங்காது, நிதானமாகத் தின்று சீக்கிரமே நிறுத்திக்கொள்ளும். ஒன்று பசியைத் தள்ளிப்போட்டது, மற்றது நிறைவை முன்கூட்டியே வரவழைத்தது.

ஆனால் தீனியை நிறுக்கும் தராசு இதயத்தைக் காட்டாது. செரட்டோனின் ஏற்பிகள் இதய வால்வுகளிலும் உண்டு. ஃபென்ஃபுளூரமைன் சாப்பிட்டவர்களின் வால்வுகள் தடித்துக் கசிந்ததாக 1997இல் செய்தி வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து மருந்து திரும்பப் பெறப்பட்டது. 2020இல் அது மீண்டும் அனுமதி பெற்றது, எடை குறைக்க அல்ல. டிராவெட் நோய்க்குறியால் வரும் வலிப்புக்காக, இதயத்தை எக்கோ எடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.