"அடுத்த படம் எப்போ?" - 1967-ல் தமிழ்நாடு கேட்ட கேள்வி

2021 பிப்ரவரி. சேப்பாக்கத்தில் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட் மேட்ச். பவுண்டரி பக்கம் ஃபீல்டிங் நின்ற மொயீன் அலியிடம் நம்ம பசங்க கேட்டது என்ன தெரியுமா? "வலிமை அப்டேட்"!

சிரிச்சோம், மீம் போட்டோம். கடைசியில் அஜித்தே பொறுமையா இருங்கன்னு அறிக்கை விட வேண்டியதாயிற்று.

நமக்குப் பிடிச்ச நடிகரின் அடுத்த படம் என்ன, என்ன வேஷம், எப்போ ரிலீஸ் என்று காத்துக் கிடப்பது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை நண்பர்களே. ஆனால் ஒரே ஒரு முறை, அந்தக் கேள்விக்குள் "ஆள் பிழைப்பாரா? பிழைத்தால் பேசுவாரா?" என்ற மருத்துவக் கேள்வியும் ஒளிந்திருந்தது.

அந்த வரலாற்றைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

1967 ஜனவரி. பொங்கல் நெருங்குகிறது. அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர் பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க வேட்பாளர். ஜனவரி 13 அன்று தேவர் ஃபிலிம்ஸின் "தாய்க்குத் தலைமகன்" ரிலீஸ். "அரச கட்டளை", "காவல்காரன்" என்று அடுத்தடுத்த படங்களும் தயாராகிக்கொண்டு இருந்தன.

அப்போது ட்விட்டரும் கிடையாது, டீசரும் கிடையாது. "பேசும் படம்", "பொம்மை" மாதிரி பத்திரிகைகளும், நாளிதழ் விளம்பரங்களும், தியேட்டர் வாசல் போஸ்டர்களும்தான் ரசிகர்களுக்கு அப்டேட்.

ஜனவரி 12 மாலை. ராமாவரம் தோட்டத்து வீட்டுக்கு நடிகர் எம்.ஆர்.ராதாவும் தயாரிப்பாளர் வாசுவும் வருகிறார்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்து வேலை செய்த "பெற்றால்தான் பிள்ளையா" வெளிவந்து முழுசா 2 மாதம்கூட ஆகவில்லை. பேச்சு நடக்கும்போதே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் இடது காது அருகே குண்டு பாய்ந்தது. ராதாவுக்கும் குண்டுக் காயம். இருவருமே முதலில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கும், பிறகு சென்னை பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். இருவருமே பிழைத்தார்கள்.

மறுநாள் படம் ரிலீஸ். யோசிச்சுப் பாருங்க. திரையில் ஹீரோ ஆடுகிறார், பாடுகிறார், சண்டை போடுகிறார். நிஜத்தில் அதே ஹீரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிருக்குப் போராடுகிறார். ரசிகன் எதைப் பார்ப்பான்?

இப்போ ஒரு டாக்டராக நான் பேச வேண்டிய இடம்.

காதுக்குப் பின்னால், கழுத்தும் மண்டையோடும் சேரும் இடம் இருக்கிறதே, அது உடம்பிலேயே நெரிசலான சந்திப்புகளில் ஒன்று. கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு மாதிரி. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் ரத்தக்குழாய் அங்கேதான் மேலே ஏறுகிறது. கழுத்தின் முதல் முள்ளெலும்பை ஒட்டி இன்னொரு ரத்தக்குழாய் மூளைக்குப் போகிறது. அந்த எலும்பின் நடுவே தண்டுவடம். இதில் எது கிழிந்திருந்தாலும் அன்றைக்கே கதை முடிந்திருக்கலாம்.

அதே இடத்தில்தான் மூளையில் இருந்து வரும் 9, 10, 11, 12-வது நரம்புகளும் மண்டையோட்டை விட்டு இறங்குகின்றன.

இதில் 10-வது நரம்பு வேகஸ். குரல்வளையை ஆட்டி வைப்பது இதன் கிளைகள்தான். இது அடிபட்டால் ஒரு பக்கக் குரல்நாண் அசையாமல் நின்றுவிடும். குரல் கரகரக்கும், காற்று கலந்து வரும். தண்ணீர் குடித்தால் புரையேறும்.

12-வது நரம்பு நாக்குக்கு உரியது. இது அடிபட்டால் நாக்கு ஒரு பக்கம் இழுக்கும். "ல", "ள", "ழ", "ர" எல்லாம் குழறும். ழகரத்தை வைத்துப் பெருமைப்படும் மொழியில் வசனம் பேசிப் பிழைக்கும் ஒரு நடிகருக்கு நாக்கு குழறினால் என்ன ஆகும்?

அந்தப் பகுதியில் காயம்பட்ட யாருக்கும் பொதுவாக வரக்கூடிய சிக்கல்கள் இவை. எம்.ஜி.ஆர் விஷயத்தில் ஊரே காதால் கேட்ட உண்மை ஒன்றுதான்: உயிர் திரும்பியது, பழைய குரல் திரும்பவில்லை.

பிப்ரவரியில் தேர்தல். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் போஸ்டராக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. தொகுதிப் பக்கம் போகாமலேயே பரங்கிமலையில் ஜெயித்தார். தி.மு.க முதன்முறையாக ஆட்சிக்கு வந்தது; மார்ச்சில் அண்ணா முதல்வரானார்.

ஓட்டுப் போட்டாச்சு. ஆனால் டிக்கெட் வாங்குவார்களா? அது வேற கணக்கு. 1936-ல் "சதிலீலாவதி"யில் சின்ன வேஷத்தில் தொடங்கி, 1947-ல் "ராஜகுமாரி"யில் நாயகனாகி, 30 வருஷம் உழைத்துச் சேர்த்த இடம் அது.

மே மாதம் "அரச கட்டளை" வந்தது. செப்டம்பரில் சத்யா மூவீஸின் "காவல்காரன்" வந்தது. அதில்தான் உண்மையான பரீட்சை.

ஏன்னா, அந்தப் படத்தில் சில காட்சிகள் சம்பவத்துக்கு முன்பு எடுத்தவை, சில காட்சிகள் பின்பு எடுத்தவை. ஒரு சீனில் கணீர்க் குரல், அடுத்த சீனில் அடைத்துக்கொண்ட குரல். பாட்டு வந்தால் டி.எம்.எஸ் குரலில் பழைய கம்பீரம். பாட்டு முடிந்து அவர் வாய் திறந்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும்.

வேறு யாரையாவது வைத்து டப்பிங் பேசியிருக்கலாம். சினிமாவில் அது ரொம்பச் சுலபம். அவர் அதைச் செய்யவில்லை. கிடைத்த குரலிலேயே பேசினார். ஜனங்கள் கேட்டார்கள். படம் பெரிய வெற்றி!

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிங்க.

1968 - "குடியிருந்த கோயில்", இரட்டை வேடம், மாநில அரசின் சிறந்த நடிகர் விருது.
அதே 1968 - 100-வது படம் "ஒளி விளக்கு".
1969 - "அடிமைப் பெண்", "நம் நாடு".
1971 - "ரிக்‌ஷாக்காரன்", தேசிய விருது.
1973 - "உலகம் சுற்றும் வாலிபன்".
1977 - முதலமைச்சர்.

சிறந்த நடிகர் என்று மாநிலமும் மத்தியும் கொடுத்த அந்த 2 விருதுகளும் அடிபட்ட குரலுக்குத்தான் கிடைத்தன!

இதை ஏன் ஒரு டாக்டர் எழுதணும்?

பக்கவாதத்துக்குப் பிறகோ, தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகோ குரல் மாறிப்போன பலர் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள். போன் வந்தால் எடுப்பதில்லை. கல்யாணத்துக்குப் போவதில்லை. பேரப்பிள்ளை சிரித்துவிடுவானோ என்று கூச்சம். குரல் போனதைவிட இந்த மௌனம்தான் ஆளை வேகமாகச் சாய்க்கிறது.

அதனால் 3 விஷயம் மனசில் வைங்க.

ஒன்று: குரல் கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. சளி என்று நினைத்து மிட்டாய் சப்பிக்கொண்டே இருக்காதீங்க. குரல்வளை, தைராய்டு, ஏன் நுரையீரல் புற்றுநோய்கூட முதலில் குரலில் தெரியலாம். புகை பிடிப்பவர்கள் இன்னும் கவனம்.

இரண்டு: திடீரென்று பேச்சு குழறினால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கலாம் என்று தூங்கப் போகாதீங்க. உடனே 108-ஐ கூப்பிடுங்க. அதில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

மூன்று: குரல் மாறிய பின் பேச்சுப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கும். பழைய குரல் முழுசா வராமல் போகலாம். ஆனால் புரையேறாமல் சாப்பிடவும், அடுத்தவருக்குப் புரியப் பேசவும் நிறைய பேரால் முடிகிறது.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அவர் பேசத் தடுமாறும்போது அந்த வாக்கியத்தை நீங்க முடித்து வைக்காதீங்க. காத்திருங்க. 1967-ல் ஒரு தலைமுறை 8 மாதம் காத்திருந்து, மாறிப்போன குரலை "இதுவும் எங்க ஆளு குரல்தான்" என்று ஏற்றுக்கொண்டது. நம் வீட்டு அப்பாவுக்கு, அத்தைக்கு, நாம் 8 நொடி காத்திருக்கக் கூடாதா?

இந்தப் பதிவு தேவைப்படும் ஒருவருக்கு அனுப்பி வைங்க. அப்புறம், பேசாமல் இருக்கும் அந்த ஒருவருக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்க.