இருபத்திரண்டு பேரும் தெரியும் படம்

2008 பிப்ரவரி 3. அரிசோனா மாநிலம் கிளெண்டேலில் அமெரிக்கக் கால்பந்தின் பருவ இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். அந்தப் பருவம் முழுக்க ஒரு தோல்விகூடக் காணாத நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 14–10 என்று முன்னிலையில் இருந்தது. முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பந்து வீசும் குவாட்டர்பேக்கான ஈலை மேனிங், டேவிட் டைரியைக் குறிவைத்து வீசிய பந்து எதிரணியின் அசான்டே சாமுவேலிடம் போனது. அவர் எம்பினார், பந்து கையில் பட்டு நழுவிவிட்டது. பிடித்திருந்தால் ஜயன்ட்ஸின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த முயற்சியில் இரண்டு பேர் மேனிங்கின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திமிறி வெளியே வந்து, மைதானத்தின் நடுவே உயரத் தூக்கிப் போட்டார். டைரி எம்பி எடுத்து, பந்தைத் தலைக்கவசத்தோடு அழுத்திக்கொண்டு விழுந்தார். 32 கஜம். கொஞ்ச நேரத்தில் ஜயன்ட்ஸ் 17–14 என்று வென்றது.

புள்ளிவிவரத் தாளில் முதல் வீச்சு வெறும் ‘பிடிபடாத பந்து’. ஆபத்தைத் தவிர்க்க வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே எறியும் பந்தும் அதே கட்டத்தில்தான் ஏறும். ஒன்று அறிவு, மற்றது ஆட்டத்தையே தாரைவார்க்க இருந்த தவறு. கிரிக்கெட்டில் எட்ஜ் வாங்கி ஸ்லிப்புக்கு நடுவே ஓடிய பந்துக்கும் நான்கு ரன்தான், அழகான கவர் டிரைவுக்கும் நான்கு ரன்தான். குவாட்டர்பேக்கின் நிலைமை அதைவிட மோசம். அவருடைய ஒவ்வொரு எண்ணிலும் இன்னும் பத்துப் பேருடைய உழைப்பும் பிழையும் கலந்திருக்கின்றன.

அந்தக் கலவையைப் பிரித்துப் பார்க்க இதுவரை கிடைத்த மிக நல்ல கருவி ஒரு படம். அமெரிக்கக் கால்பந்தில் அதற்குப் ‘பயிற்சியாளர் படம்’ என்று பெயர். மைதானத்தில் ஒரே நேரத்தில் நிற்கும் இரு அணி ஆட்டக்காரர்கள் 22 பேரையும் ஒரே சட்டத்துக்குள் காட்டுவதால் ‘ஆல்-22’ என்றும் சொல்வார்கள். அரங்கின் உச்சியில் பக்கவாட்டிலிருந்து ஒரு கோணம், கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று. வர்ணனை இல்லை, அண்மைக்காட்சி இல்லை, ரசிகர்களின் ஆரவாரம் இல்லை. இந்தப் படம் பயிற்சியாளர்களின் இருட்டறையிலிருந்து நம் கைக்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு முழு மனித ஆயுள் பிடித்தது.

மினியாபொலிஸ் நகரத்தில் சிட் கில்மன் குடும்பத்துக்குத் திரையரங்குகள் இருந்தன. அந்தக் காலத்தில் முழுநீளப் படத்துக்கு முன் செய்திப் படம் ஓடும். அதில் கால்பந்து ஆட்டங்களின் துணுக்குகளும் வரும். இளைஞர் கில்மன் அந்தத் துண்டுகளை மட்டும் ரீலிலிருந்து வெட்டி எடுத்து, வீட்டில் தன் சொந்த புரொஜெக்டரில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். யார் எங்கே ஓடினார், யார் யாரை விட்டுவிட்டார் என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிற்பாடு 1960களில் சார்ஜர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்து, ஆழத்துக்குப் பந்து வீசும் நவீன ஆட்டமுறைக்கு வழிவகுத்தவர் இவரே. மைதானத்தின் நீள அகலம் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் அந்தப் படத் துணுக்குகளுக்குப் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். பந்தை மட்டும் பார்ப்பவருக்கு மைதானத்தின் அகலம் கண்ணில் படாது.

படத்தைப் பரீட்சைத் தாளாக மாற்றியவர் கிளீவ்லாந்துப் பயிற்சியாளர் பால் பிரவுன். 1946இல் தொடங்கிய அணியை அவர் பள்ளிக்கூடம்போல நடத்தினார். வகுப்பறை, நோட்டுப் புத்தகம், தேர்வு எல்லாம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் படத்தைப் போட்டு, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவரவர் வேலைக்கு ஏற்ப மதிப்பெண் போட்டார். பந்து போன இடத்தில் என்ன நடந்தது என்பது அந்த மதிப்பெண்ணுக்கு அடிப்படையல்ல. உனக்குச் சொன்ன வேலையைச் செய்தாயா என்பதுதான் கேள்வி. அவருடைய குவாட்டர்பேக் ஆட்டோ கிரகாம் பத்துப் பருவங்கள் ஆடினார். பத்திலும் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது.

பிறகு ரீல் ஊர் சுற்றத் தொடங்கியது. எதிரணியைப் படிக்க எதிரணியின் படம் வேண்டும். அதனால் அணிகள் தங்களுக்குள் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆடிய ஆட்டத்தின் 16 மில்லிமீட்டர் சுருளை அவசரமாகக் கழுவி, தகர டப்பாவில் அடைத்து விமானத்தில் அனுப்புவார்கள். போய்ச் சேரும் இடத்தில் ஓர் இருட்டறை, புரொஜெக்டர், கம்பியில் தொங்கும் ஒரு ‘கிளிக்கர்’. ஒரு பொத்தானை அழுத்தினால் படம் முன்னே ஓடும், இன்னொன்றை அழுத்தினால் பின்னே ஓடும். விழுந்த ஆட்டக்காரர் எழுந்து பின்னோக்கி ஓடுவார், பந்து குவாட்டர்பேக்கின் கைக்குத் திரும்பும், மறுபடி புறப்படும். ஆறு நொடி நடந்த ஒரு முயற்சியைப் பத்து நிமிடம் பார்ப்பது அங்கே சாதாரணம்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் எதைப் பார்த்தார்கள்? முதலில் கால்களை. குவாட்டர்பேக் பந்தை வாங்கியதும் மூன்று காலடியோ ஐந்து காலடியோ ஏழு காலடியோ பின்வாங்குவார். எத்தனை காலடி என்பது, பந்தைப் பிடிக்கப் போகும் ரிசீவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதோடு பொருந்த வேண்டும். கடைசி அடி ஊன்றும்போது முதல் ரிசீவர் திரும்பத் தயாராக இருப்பார். அவர் திரும்பிய பிறகு வீசினால் தாமதம். எதிரணிக்காரர் ஒரு எட்டு வைத்து நெருங்கியிருப்பார். திரும்புவதற்கு முன்பே, ஆளில்லாத வெற்றிடத்தில் வீசுகிறவர்தான் தேர்ந்தவர். இரண்டு வீச்சும் பிடிபட்டால் தாளில் இரண்டும் ஒன்றே. படத்தை நிறுத்தி, பந்து கையை விட்டகன்ற அந்தச் சட்டத்தில் ரிசீவரின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது தலை. முதல் ரிசீவருக்கு வழி அடைபட்டால் இரண்டாமவரை, பிறகு மூன்றாமவரைப் பார்க்க வேண்டும். தலை திரும்பும்போதே கால்களும் சேர்ந்து திரும்புகின்றனவா, அல்லது பயந்து இடத்தை விட்டு ஓடுகிறாரா? தன்மேல் பாய வருகிறவர்களுக்கு நடுவே அரையடி முன்னால் நகர்ந்து, கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல் வீசுவதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. பந்தை வீசுமுன் எதிரணி பிடித்துத் தள்ள, ‘ஸாக்’ வாங்கி விழுந்தால், பழியை அவரைக் காக்கும் லைன்மேன்மீது போடுவது வழக்கம். படத்தில் பார்த்தால் பல ஸாக்குகளுக்குக் காரணம் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்ற குவாட்டர்பேக்தான் என்று தெரியவரும்.

படம் இப்படி இருட்டறைக்குள் வளர்ந்துகொண்டிருந்தபோது வெளியுலகம் எண்ணை நம்பியிருந்தது. 1973இல் தொழில்முறை லீகான என்.எப்.எல். ஒரு சூத்திரத்தை ஏற்றது. பிடிபட்ட வீச்சுகளின் விகிதம், ஒரு வீச்சுக்கு இத்தனை கஜம், டச்டவுன் (கோல் கோட்டைத் தாண்டிச் சேர்ந்த வீச்சு) விகிதம், இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த வீச்சு) விகிதம் என்று நான்கையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கினார்கள். உச்சம் 158.3. வீசிய ஒவ்வொரு பந்தையும் தரையில் அடித்த குவாட்டர்பேக்குக்கும், எதிரணி எதையும் பிடிக்காததால், 39.6 கிடைக்கும். ஸாக் இதில் சேராது, ஓடிச் சேர்த்த கஜங்களும் சேராது. இதை உருவாக்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீச்சின் பலனை அளக்கக் கேட்கப்பட்டார்கள், அளந்தார்கள். வீசியவரையே அளந்துவிட்டதாக நாம்தான் எடுத்துக்கொண்டோம்.

தொலைக்காட்சியும் துணைக்கு வரவில்லை. அதன் காமிரா பந்தைத் துரத்துகிறது. பந்து புறப்பட்டதும் ரிசீவர்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். யார் தனியாக நின்றார், குவாட்டர்பேக் யாரைப் பார்க்கத் தவறினார் என்பது வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 1980களில் என்.எப்.எல். பிலிம்ஸ் நிறுவனம் பயிற்சியாளர் படத்தை வைத்து ஆட்டத்தை அலசும் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. கிரெக் கோசல், முன்னாள் குவாட்டர்பேக் ரான் ஜவார்ஸ்கி போன்றவர்கள் வாரம் முழுக்கப் படம் பார்த்து, அதிலிருந்து சில துண்டுகளை விளக்கினார்கள். பொதுமக்களுக்குத் திறந்த ஜன்னல் அது ஒன்றுதான்.

இடையில் ரீல் வீடியோவானது, வீடியோ கணினிக் கோப்பானது. இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம்; ஒரு மாற்றத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு குவாட்டர்பேக்கின் மூன்றாம் டவுன் (மூன்றாவது முயற்சி) வீச்சுகளை மட்டும், அதிலும் எதிரணி கூடுதல் ஆட்களோடு பாய்ந்தவற்றை மட்டும், பருவம் முழுவதிலிருந்தும் பொறுக்கி வரிசையாகப் பார்ப்பது கத்தரியும் பசையுமாக இருந்த காலத்தில் பெரும்பாடு. இப்போது ஓர் உதவியாளர் நொடியில் எடுத்துத் தருகிறார். 2014இலிருந்து, ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் பார்க்கும் புகைப்படங்களும் அச்சடித்த தாளிலிருந்து டேப்லெட்டுக்கு மாறின.

2012 பருவத்தில்தான் லீக் இந்தப் படத்தைச் சந்தா கட்டிய எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்கு முன் உள்ளே தயக்கம் பலமாக இருந்தது. ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் விஷயம் தெரியாதவர்கள் கிழிப்பார்கள் என்ற அச்சம். அச்சம் நியாயமானது என்றாலும், திறந்தது சரி என்றே சொல்வேன். சூப்பர் பௌல் வென்ற கர்ட் வார்னர் போன்ற முன்னாள் குவாட்டர்பேக்குகள் இன்று அதே படத்தை நிறுத்தி நிறுத்தி யூடியூபில் பாடம் எடுக்கிறார்கள். பழியை மட்டுமல்ல, பாராட்டையும் சரியான ஆளிடம் சேர்க்க இது வழி செய்திருக்கிறது.

ஒரு மோதலும் வந்தது. நீல் ஹார்ன்ஸ்பி என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்தில் தொடங்கிய ‘புரோ புட்பால் போகஸ்’ ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் படம் பார்த்துக் கூட்டல், கழித்தல் மதிப்பெண் போட்டது. பால் பிரவுன் செய்ததையே வெளியிலிருந்து செய்தது எனலாம். 2015 செப்டம்பரில் கிரீன் பே பேக்கர்ஸின் ஆரன் ரோட்ஜர்ஸ், கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 35 வீச்சில் 24 பிடிபட, 333 கஜம், 5 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லாமல் ஆடினார். பழைய சூத்திரத்தில் 138.5. அந்த நிறுவனம் போட்ட மதிப்பெண் கழித்தல் 0.8! ஊரே கொதித்தது. அவர்கள் தரப்பு: டச்டவுன்களில் சில மிகக் குட்டையான வீச்சுகள், ஓடிச் சேர்த்தவர் ரிசீவர், பலனை விட்டுவிட்டு வீச்சை மட்டும் எடைபோடுகிறோம். இந்த வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதி எனக்கு இடிக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் தொடங்குமுன் எதிரணியின் அணிவகுப்பைப் படித்து, அந்தக் குட்டையான வீச்சு செல்லுபடியாகும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் குவாட்டர்பேக்கின் வேலைதான். அந்த வேலை பந்து அசைவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இந்தப் படத்தின் மதிப்பு என்னவென்று 2022இல் ஓர் ஒப்பந்தம் காட்டியது. அரிசோனா கார்டினல்ஸ் தன் குவாட்டர்பேக் கைலர் மர்ரியுடன் 23 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள நீட்டிப்பு செய்தது. அதில், ஆட்டம் உள்ள வாரங்களில் நான்கு மணி நேரம் தனியாகப் படம் பார்த்துப் படிக்க வேண்டும் என்று ஒரு விதி. செய்தி வெளியானதும் கேலி கிளம்பியது; மர்ரி மனம் புண்பட்டுப் பேசினார்; சில நாளில் விதியை நீக்கினார்கள். நீக்கியதே நல்லது. நிர்ப்பந்தத்தில் பார்க்கும் படம் கண்ணில் படும், மனதில் நிற்காது.

இப்போது ஆட்டக்காரர்களின் தோள்பட்டைக் கவசத்துக்குள் சில்லுகள், 2017 முதல் பந்துக்குள்ளும் ஒன்று. பந்து வந்தபோது ரிசீவருக்கும் எதிரணிக்காரருக்கும் எவ்வளவு இடைவெளி, அந்த வீச்சு பிடிபட எவ்வளவு வாய்ப்பு என்றெல்லாம் கணக்கு வருகிறது. படம் பார்த்துச் சொன்னவற்றில் கணிசமான பங்கு மறுபடி எண்ணாக மாறிவருகிறது. ஆனால் படத்துக்கும் சில்லுக்கும் எட்டாத ஒன்று உண்டு: குவாட்டர்பேக்கின் காதில் பயிற்சியாளர் என்ன சொன்னார் என்பது. ரிசீவர் பன்னிரண்டு கஜத்தில் உள்ளே திரும்ப வேண்டும், திரும்பவில்லை. குவாட்டர்பேக் நம்பி வீசிவிட்டார். பந்து எதிராளி மார்பில். திரையில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததுபோலத் தெரியும். யார் பிழை என்று அணியின் கூட்ட அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. குவாட்டர்பேக் செய்தியாளர்கள் முன் வந்து ‘என் தவறு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆகவே ஒற்றை இன்டர்செப்ஷனை வைத்து நான் யாரையும் எடைபோடுவதில்லை. ஒரே குவாட்டர்பேக்கின் பல ஆட்டங்களிலிருந்து மூன்றாம் டவுன்களை வரிசையாகப் போட்டு, கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்த கோணத்தில், ஒலியில்லாமல் பார்க்கிறேன். முதல் ரிசீவர் அடைபட்ட அந்தக் கணத்தில் அவர் கால்கள் என்ன செய்கின்றன என்பதையே கவனிக்கிறேன். நாலாவது, ஐந்தாவது முறையும் அவை அமைதியாக இரண்டாமவர் பக்கம் திரும்பினால், அன்றைய தாளில் அவருக்கு இரண்டு இன்டர்செப்ஷன் எழுதியிருந்தாலும் சரி, என் அணிக்கு அவரையே கேட்பேன்.