இயந்திரம் எழுதும் செய்நிரலும் சரிபார்த்தற் பொறுப்பும்

கணனிக்கான கட்டளைகள் அனைத்தையும் மனிதன் தன் கையாலேயே எழுதிய காலம் மிகக் குறுகியது. 1957ஆம் ஆண்டில் யோன் பக்கஸ் தலைமையிலான ஐ.பி.எம். குழுவினர் போட்ரான் மொழிக்குரிய தொகுப்பானை வெளியிட்டனர். சூத்திர வடிவில் எழுதப்பட்டதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் பணியை அது மேற்கொண்டது. கைதேர்ந்த நிரலாளர் பலர் முதலில் அதனை ஐயத்துடன் நோக்கினர். நாளடைவில் ஐயம் நீங்கியது; தொகுப்பான் தந்ததை வாசித்துப் பாராது ஏற்றுக்கொள்வதே வழமையாயிற்று.

அந்நம்பிக்கையின் எல்லையைக் கென் தொம்சன், 1984இல் வெளியான தமது ரியூறிங் விருதுரையிற் சுட்டிக்காட்டினார். தொகுப்பானினுள்ளேயே கள்ளவழியொன்றை மறைத்துவைக்கலாம் என்றும், மூலநிரலை எத்துணை நுணுகி வாசிப்பினும் அதனைக் காணவியலாது என்றும் அவர் விளக்கினார். வாசித்தல் மட்டும் சரிபார்த்தலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

ஏரியன் 5 றொக்கற்றின் வீழ்ச்சி பிறிதொரு பாடமாகும். 1996 யூன் 4ஆம் நாள் அது தன் முதற் பயணத்தில், ஏறத்தாழ 40 செக்கனில் சிதறியது. அதன் திசையறி கருவியின் செய்நிரல் முன்னைய ஏரியன் 4இலிருந்து பெறப்பட்டதாகும். பழைய றொக்கற்றிற் பிழையின்றி இயங்கிய அந்நிரல், புதியதன் கூடிய கிடைவேகத்துடன் தொடர்புடைய எண்ணை 16 பிற்று முழுவெண்ணில் அடக்க முடியாது நிலைகுலைந்தது. பதிலீடாக வைக்கப்பட்ட மற்றைய கருவியும் அதே நிரலைக் கொண்டிருந்தமையால் அதே பிழைக்கு ஆளாயிற்று. புதிய பயணப்பாதையின் தரவுகளைக் கொண்டு அந்நிரல் பரீட்சிக்கப்படவில்லை என்பதை விசாரணைக்குழு வெளிப்படுத்தியது.

2021இல் கிற்ஹப் நிறுவனத்தின் கோபைலற் அறிமுகமானதோடு, மூலநிரலை எழுதும் பணியும் செயற்கை நுண்ணறிவின்பாற் செல்லலாயிற்று. தொகுப்பான் வகுத்த விதிகளின்படி மாற்றியமைப்பது. இதுவோ தான் கற்ற நிரல்களின் சாயலில், நிகழ்தகவின் அடிப்படையில் எழுதுவது. அவ்வாண்டிலேயே நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர், பாதுகாப்புக் குறைபாடு நேரக்கூடிய 89 சூழல்களில் அதனைப் பரீட்சித்தனர். பெறப்பட்ட 1,689 செய்நிரல்களுள் ஏறத்தாழ 40 சதவீதமானவை தாக்குதலுக்கு இடமளிப்பனவாயிருந்தன.

எனவே, சரிபார்த்தல் இறுதியில் நிகழும் சடங்காக அமைதல் போதாது. எதனைச் சரியெனக் கொள்வது என்பது தேவையை வரையறுக்கும்போதே எழுதப்படல் வேண்டும். வடிவமைக்கும்போது எல்லைகள் ஆராயப்படல் வேண்டும்; எழுதப்பட்டது பிறரால் வாசிக்கப்படல் வேண்டும்; இயங்கப்போகும் சூழலின் தரவுகளைக் கொண்டே பரீட்சை நிகழ்தல் வேண்டும். பயன்பாட்டுக்கு வந்த பின்னரும் கண்காணிப்பு நீங்கலாகாது. நிரலை எழுதிய நுண்ணறிவிடமே பரீட்சைகளையும் முற்றாக ஒப்படைப்பின், ஏரியனின் இரண்டாவது கருவிக்கு நேர்ந்ததே மீண்டும் நேரக்கூடும். எழுதும் பணியை இயந்திரத்திடம் கையளிக்கலாம். எழுதப்பட்டதற்குப் பொறுப்பேற்கும் கடமை மனிதனிடமே எஞ்சிநிற்கும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.