கோடியக்கரைக் கரைப்பறவைகள்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வங்கக்கடலும் பாக் நீரிணையும் கூடும் முனையிலுள்ள கோடியக்கரை, மத்திய ஆசிய வலசைப்பாதையின் முக்கியத் தங்கிடம். ஆர்க்டிக் துந்திரப் பகுதியில் இனப்பெருக்கம் செய்யும் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் முதலியவை குளிர்காலத்தை இங்கே கழிக்கின்றன.

ஆழமற்ற சதுப்பு, சேற்றுவெளி, உப்பளம் ஆகியவற்றில் புழுக்களையும் சிறு கணுக்காலிகளையும் இவை இரையாகக் கொள்கின்றன. அலகின் நீளமும் வடிவமும் இரை தேடும் ஆழத்தைத் தீர்மானிப்பதால் பல இனங்கள் ஒரே சேற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. திரும்பும் பயணத்துக்கான கொழுப்பும் இங்கேயே உடலில் சேர்கிறது.

1967-இல் சரணாலயமான இப்பகுதி, 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிட்டு வலசையை ஆராய்ந்துள்ளது. நன்னீர் வரத்துக் குறைவு, உப்பளப் பெருக்கம், சீமைக்கருவேலப் பரவல் ஆகியவை முதன்மை அச்சுறுத்தல்கள். எனவே நன்னீர் வரத்தைக் காப்பதே பாதுகாப்பின் அடிப்படை.