பாறைமேல் பந்தயம்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போயிருந்தபோது, நாலைந்து பையன்கள் பாறைமேல் வரிசையாக நின்று, யாருடைய சிறுநீர் அதிக தூரம் போய் விழுகிறது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வைத்திய சாஸ்திரத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. 1932-ல் அமெரிக்க டாக்டர் பாலெஞ்சரும் சகாக்களும், இந்தத் தூரம் குறைவதே அடைப்பின் ஆரம்ப அறிகுறி என்று எழுதினார்கள். பையன்களின் பந்தயமேதான்! 1948-ல் டிரேக் என்பவர் கருவியே செய்துவிட்டார்; பாத்திரத்தில் எடை ஏற ஏற, சுழலும் உருளையில் கோடு ஏறும்.

இதெல்லாம் பெரும்பாலும் பெரியவர்கள் விஷயம். குழந்தைக்கு எது சரியான வேகம்? நோயாளியைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? நோயில்லாத பிள்ளைகளை அல்லவா அளக்கவேண்டும்! ஹங்கேரியில் 1995-லும், நம் லக்னோவில் 2013-லும் அளந்து அட்டவணை போட்டார்கள். லக்னோக் கணக்கு ஐந்து வயதில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கும் சின்னதுகள், "போ" என்றால் போகுமா? ஐந்து வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை சுமார் 180 மில்லி கொள்ளும். ஆனால் புது இடத்தில், கருவிக்கு எதிரே நிறுத்தினால் ஒரு சொட்டும் வராது. அதனால் பிள்ளையைத் தனியே விட்டு, டாக்டர் கதவுக்கு வெளியே காத்திருக்கிறார். ஒரு தடவை போதாதென்று மறுபடியும் அளக்கிறார்.